ஒரு கேபிளால் வாங்கிய புது டிஸ்க்

திருவான்மியூரில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போன ஐப்பசி மழையில் கம்ப்யூட்டர் திடீர் திடீரென்று உறைந்து நிற்க ஆரம்பித்தது. போட்டோ பாதி திறக்கும், நிற்கும், கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். மகளின் படங்கள் எல்லாம் அந்த 2 டெராபைட் டிஸ்க்கில்தான். பக்கத்துக் கடைக்காரர் பார்க்காமலேயே, "டிஸ்க் போயிடுச்சு சார், மாத்திடுங்க" என்றார். பயத்தில் ரிச்சி தெருவுக்கு ஓடிப் புதிது வாங்கி, பழைய கேபிளிலேயே மாட்டினேன். மறுநாள் அதுவும் உறைந்தது!

அப்புறம்தான் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, திறந்து பார்த்தேன். பழைய டிஸ்க்கில் கெட்ட செக்டர் (படிக்க முடியாமல் போன இடம்) ஒன்றுகூட இல்லை. ஆனால் 199 என்ற எண்ணுள்ள வரியில், சிஆர்சி பிழைக் கணக்கு நூற்றுக்கணக்கில் ஏறியிருந்தது. டிஸ்க்குக்கும் மதர்போர்டுக்கும் நடுவே போகும் தகவல் வழியிலேயே சிதைந்தால் ஏறும் கணக்கு அது. நடுவில் இருப்பது 7 பின் சாட்டா கேபிள்தானே? தொட்டுப் பார்த்தால் ஆடியது. பூட்டுக் கிளிப் இல்லாத பழைய சிவப்பு கேபிள். கிளிப் உள்ளதை மாட்டியதும் சரியாகிவிட்டது. உப்புக்காற்றின் மேல் பழி போடப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு உள்ளே தூசு தட்டியது யார் என்று மனைவி கேட்கிறாள்.

கேபிளை மாற்றினாலும் அந்தக் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பாது, மேலே ஏறாமல் இருந்தால் போதும். இது தெரியாமல் இன்னும் ஒரு வாரம் தூக்கம் கெட்டேன்.

*

பெரம்பூரிலிருந்து இன்னொருவர்: எனக்குப் பவர் பக்கம் அடி. சாட்டா பவர் கனெக்டர் போதாமல், மோலெக்ஸ் என்ற பழைய வகை 4 பின் பவர் கனெக்டரை சாட்டாவின் 15 பின்னுக்கு மாற்றும் வயர் போட்டேன். பிளாஸ்டிக்கை மொத்தமாக வார்த்து மூடிய மலிவு வகை. ஒரு ராத்திரி கருகல் வாடை. கேபினெட்டைத் திறந்தால் கனெக்டர் உருகி டிஸ்க்கோடு ஒட்டிக்கிடந்தது. வார்ப்புக்குள் வயர் கொஞ்சம் விலகியிருந்தாலும் வெளியே தெரியாது; மஞ்சள் 12 வோல்ட், பக்கத்துக் கறுப்பு கிரவுண்ட் வயரைத் தொட்டால் ஷார்ட் ஆகிக் கதை முடிந்தது. ஒவ்வொரு வயரும் தனித்தனியாக கிரிம்ப் செய்த (உலோக முனையில் அழுத்திப் பிடித்த) வகையைக் கேட்டு வாங்குங்கள். விலை வித்தியாசம் ஒரு டிபன் செலவுகூட இருக்காது.

*

திருவான்மியூர் மறுபடியும்: டிஸ்க் பிழைத்ததா சார்? இல்லையென்றால் என்னிடம் புதிது ஒன்று சும்மா கிடக்கிறது.