வெபரின் ‘கரிஸ்மா’வுக்குத் தமிழில் என்ன? (திங்களன்று அச்சுக்குப் போகிறது)

வியாசர்பாடி:
வணக்கம். இளங்கலைச் சமூகவியலுக்காக ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். மரபுவழி அதிகாரம், சட்டவழி அதிகாரம் இரண்டும் முடிந்தன, மூன்றாவதான ‘கரிஸ்மா’ அதிகாரத்தில், அதாவது ஒரு தலைவரின் அபூர்வ ஆற்றலை நம்பி மக்கள் அவருக்குக் கட்டுப்படுவதில், நிற்கிறேன். ‘கவர்ச்சி அதிகாரம்’ என்றதும் கடைசி பெஞ்சு சிரித்துவிட்டது. ‘ஈர்ப்பு’ என்றால் நியூட்டன் வந்துவிடுகிறார்.

திருவொற்றியூர்:
வசீகரம் இருக்கிறதே மேடம். பேப்பர் படிக்கிற எல்லாருக்கும் புரியும்.

பெரம்பூர்:
வடசொல். வசியமும் அதே குடும்பம். மை வைப்பவருக்கு ஆகும், வெபருக்கு ஆகாது. தொல்காப்பியர் எண்வகை மெய்ப்பாட்டில் (உணர்ச்சி வெளிப்பாட்டில்) பெருமிதத்தை வைத்து, கல்வி, தறுகண் (அஞ்சாமை), புகழ்மை, கொடை நான்கிலும் அது பிறக்கும் என்கிறார். தலைவனுக்கு வேறென்ன வேண்டும்? ‘பெருமிதத் தலைமை’ என்றே எழுதுங்கள். அதிலுள்ள ‘மிதம்’ வடமொழி என்பார்கள், நம்ப வேண்டாம்; மித, மிதவை, மிதப்பு என்று தமிழிலேயே வேர் இருக்கிறது என்பது என் துணிபு.

காசிமேடு:
ஐயா, எங்கள் பக்கம் ‘மிதப்புல இருக்கான்’ என்றால் அது பாராட்டு இல்லை.
சொல் இருக்கட்டும், பொருளைப் பாருங்கள். தலைவரிடம் என்ன இருக்கிறது என்பதைவிட, பின்னால் போகிறவர்கள் அவரிடம் எதைக் கண்டு ஒப்புக்கொள்கிறார்கள் என்பதுதான் வெபருக்கு முக்கியம். 1918இல் உங்கள் பெரம்பூரிலேயே மில் தொழிலாளிகள் சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் தலைவராக்கியது வாடியாவை. பார்சிக்காரர், பேசியது ஆங்கிலம். அப்படியும் கூட்டம் நின்று கேட்டது. இதில் கல்வி எங்கே, தறுகண் எங்கே என்று பிரித்துக்கொண்டிருக்க முடியுமா?
பணத்திலும் இதே கதைதான். எங்கள் தெருவில் ஒரு அக்கா சீட்டுப் பிடித்தார். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது, ‘அக்கா சொல்லிட்டாங்க’ என்பதோடு சரி. அப்புறம் மகன் எடுத்து நடத்தினான், அதே தொகை, அதே தேதி, நோட்டுகூட அதேதான். முதல் மாதமே எல்லாரும் ரசீது கேட்டார்கள்.

இராயபுரம்:
கிரேக்கத்தில் ‘கரிஸ்மா’ என்றால் அருளால் கிடைத்த கொடை. வெபர் எடுத்ததே ருடால்ஃப் சோம் என்ற திருச்சபை வரலாற்றாசிரியரிடமிருந்துதான். சபையில் நாங்கள் ‘வரம்’ என்போம், கத்தோலிக்கர்கள் ‘அருள்கொடை’. ‘அருளாற்றல்’ என்று வைத்தால் என்ன?

வியாசர்பாடி:
ஆடி மாதத்தில் இங்கே அருள் என்றால் சாமி வந்து ஆடுவது சார். பிள்ளைகள் அதைத்தான் எழுதுவார்கள்.

இராயபுரம்:
எழுதட்டுமே! கரிஸ்மா உள்ளவர்கள் பட்டியலில் வெபர் மந்திரவாதியையும் சேர்த்துத்தானே வைத்திருக்கிறார்.

திருவொற்றியூர்:
நாலு நாளாக இதே பேச்சு. ‘பேராளுமை’ என்று போட்டு முடியுங்கள்.

காசிமேடு:
சரி, ஓடட்டும்.

பெரம்பூர்:
ஓடட்டும் என்பது சம்மதமா, சலிப்பா? ஆளுமையைத்தான் ஏற்கெனவே உளவியல்காரர்கள் எடுத்துக்கொண்டார்களே. பேராளர் என்றால் மாநாட்டுக்குப் போகிறவர் வேறு. என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள்.

வியாசர்பாடி:
பதிந்தாயிற்று ஐயா. ‘பேராளுமை’ போடுகிறேன், முதல் இடத்தில் மட்டும் கரிஸ்மா என்றும் சேர்க்கிறேன். இன்னொன்று: அந்தப் பேராளுமை பிறகு பதவியாக, சம்பளமாக, வாரிசாக மாறிப்போவதை வெபர் விளக்குகிறாரே, அதற்கு ‘வழமையாதல்’ என்று வைத்திருக்கிறேன்.

பெரம்பூர்:
வழமையா? அது யாழ்ப்பாணத்துச் சொல்லாயிற்றே!