கலைச்சொல் வேண்டும்: ஒருமுறை தேறி மறுமுறை தவறும் சோதனை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வரும் சனிக்கிழமை கல்லூரி மாணவர்களுக்குச் சேஜ்மேத் என்ற கணித மென்பொருளில் வழுக்களைத் தேடும் முறை பற்றி வகுப்பெடுக்கிறேன். வியாழனன்று கையேடு அச்சுக்குப் போக வேண்டும். ஒரு சொல்லில் சிக்கி நிற்கிறேன். நிரலில் ஒரு வரியும் மாறாதிருக்க, காலையில் தேறி மாலையில் தவறுகிற தானியங்கிச் சோதனையை நிரலர்கள் 'ஃபிளேக்கி டெஸ்ட்' என்கிறார்கள். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

2005இல் வில்லியம் ஸ்டெயின் தொடங்கிய இந்தத் திறந்த மூல மென்பொருளில், ஆவணத்திலுள்ள எடுத்துக்காட்டுகளே சோதனைகளாகவும் ஓடுகின்றன. எழுதிவைத்த விடையோடு கணினி தரும் விடை பொருந்தாவிட்டால் தோல்வி. ஆனால் கணிதத்தில் சரியான விடை பல வேளைகளில் ஒன்றுக்கு மேற்பட்டது. ஒய்² + ஒய் = எக்ஸ்³ − எக்ஸ் என்ற நீள்வட்ட வளைவரையின் விகிதமுறு புள்ளிகளை (ஆயங்கள் பின்னங்களாகவோ முழு எண்களாகவோ அமையும் புள்ளிகளை) (0, 0) பிறப்பிக்கும், அதாவது அவை எல்லாவற்றையும் அதிலிருந்தே பெறலாம்; அதன் எதிர்ப்புள்ளியாகிய (0, −1)உம் பிறப்பிக்கும். இரண்டுமே சரி என்றாலும், ஆவணத்தில் முதலாவதை எழுதிவைத்திருக்கும்போது கணினி இரண்டாவதைத் தந்தால் சோதனை தவறிவிடும்.

முதலில் 'நிலையற்ற சோதனை' என்று எழுதினேன். ஆனால் எண்சார் பகுப்பாய்வில், முழுமையாக்கப் பிழை (இலக்கங்களைச் சுருக்குவதால் வரும் பிழை) பெருகிக்கொண்டே போகும் கணக்கீட்டுப் படிமுறையையும் 'நிலையற்றது' என்றே சொல்கிறோம். ஒரே கையேட்டில் ஒரு சொல் இரு பொருளில் வந்தால் மாணவர்கள் குழம்புவார்கள்.

*

ஐயா, வணக்கம்.

'தடுமாறு சோதனை' என்பதைப் பரிந்துரைக்கிறேன். தொல்காப்பியம் வேற்றுமை மயங்கியலில் 'தடுமாறு தொழிற்பெயர்' என்ற வழக்கு உள்ளது. உரைகாரர்கள் அதற்குக் காட்டும் 'புலிகொல் யானை' என்ற தொடரில், புலியைக் கொன்ற யானை என்றும் கொள்ளலாம், புலியால் கொல்லப்பட்ட யானை என்றும் கொள்ளலாம். சொல் ஒன்றாகவே இருக்க, கொன்றது எது, இறந்தது எது என்பது இடம்மாறுகிறது. தாங்கள் சொல்லும் சோதனையும் அத்தகையதே அன்றோ? நிரல் ஒன்றாகவே இருக்க, முடிவு இடம்மாறுகிறது.

இதை வினைத்தொகையாகவே வைக்க வேண்டுகிறேன். காலம் கரந்த பெயரெச்சமாதலால், நேற்றுத் தடுமாறியது, இன்று தடுமாறுகிறது, நாளை தடுமாறும் என்ற மூன்றும் அதனுள் அடங்கும். எப்போது தவறும் என்று சொல்ல முடியாத ஒன்றுக்கு இதனினும் பொருத்தமான தொகை கிடைப்பது அரிது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஆகவே நடுவில் 'ச்' இடக்கூடாது. 'தடுமாற்றச் சோதனை' என்று எழுதினால் தடுமாற்றத்தைச் சோதிப்பது என்று பொருள் திரிந்துவிடும்.

*

நண்பர்களே,

'தடுமாறு' என்ற முன்பாதியை ஏற்கிறேன், 'சோதனை' என்ற பின்பாதியை ஏற்க இயலவில்லை. 'சோதனை' வடசொல். ஓர்தல் (ஆராய்தல்) என்ற நல்ல வினை நம்மிடம் இருக்க, 'ஓர்வு' என்று ஏன் ஆளக்கூடாது? 'தடுமாறு' பொருந்துமெனினும் அதற்கும் மாற்று உண்டு. 'அலமரல்', 'தெருமரல்' இரண்டும் சுழற்சி என்னும் பொருளன என்று தொல்காப்பிய உரியியல் சொல்கிறது. தேறலுக்கும் தவறலுக்கும் இடையே சுழல்வதால் 'அலமரு ஓர்வு' என்பது செறிவாக அமையும்.

*

அனைவருக்கும் வணக்கம். சொல் கேட்ட நானே மீண்டும் எழுதுகிறேன்.

'அலமரு ஓர்வு' செவிக்கு இனிதாக இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் நள்ளிரவில் திரையில் சிவப்பாகத் தோன்றும் வரியைப் பார்த்து ஒரு மாணவி பக்கத்திலிருப்பவரிடம் சொல்ல வேண்டிய சொல் இது. அதற்கே அருஞ்சொற்பொருள் தேடவேண்டியிருந்தால் அவர் 'ஃபிளேக்கி' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். 'சோதனை' வெகுகாலமாக நம் வாயில் புழங்குவது. அதை மாற்ற எனக்கு மனமில்லை. 'தேர்வு' என்றும் வைக்க முடியாது. பட்டியலில் ஒன்றைத் தெரிவு செய்வதையும் அப்படித்தான் குறிக்கிறோம்.

வேறொரு கவலையும் உண்டு. தவறிய சோதனையை மறுபடி ஓட்டி, பச்சை வந்ததும் விட்டுவிடும் பழக்கம் எங்கும் பரவியிருக்கிறது. நாம் வைக்கும் பெயர் அதற்குச் சமாதானமாகிவிடக்கூடாது. காரணத்துக்குக் காரணம் மருந்து வேறு. தசம எண்களைக் கணினி தோராயமாக வைத்துக்கொள்ளும் மிதவைப் புள்ளிக் கணக்கில் 0.1உடன் 0.2ஐக் கூட்டினால், சேஜ்மேத் பயன்படுத்தும் நிரல்மொழியான பைத்தான் 0.30000000000000004 என்று காட்டும். கூட்டும் வரிசையோ வன்பொருளோ மாறினால் இத்தகைய கடைசி இலக்கங்கள் மாறக்கூடும். அங்கே பிழைவரம்பு குறித்துவைத்தால் போதும். பைத்தான் 3.3 முதல் சரங்களுக்கு (எழுத்துத் தொடர்களுக்கு) உள்ளே கணக்கிட்டு வைக்கும் குறியெண் ('ஹேஷ்') ஒவ்வோர் ஓட்டத்திலும் மாறுவதால், சரங்களாலான கணம் அச்சாகும் வரிசையும் மாறலாம். வரிசைப்படுத்திய பின் ஒப்பிட வேண்டும். நேர வரம்பைத் தாண்டியதால் தவறியதென்றால், கணினியில் அப்போது வேறென்ன ஓடியது என்று பார்க்க வேண்டும். வளைவரை எடுத்துக்காட்டுக்கோ, விடையை எழுத்தாக ஒப்பிடாமல், கிடைத்த புள்ளி (0, 0) அல்லது அதன் எதிர்ப்புள்ளிதானா என்று வினவும்படி சோதனையையே திருத்தி எழுத வேண்டும்.

வந்த பரிந்துரைகளில் 'தடுமாறு சோதனை' என்பதே எளிதாகப் புரிவதால் அதையே கையேட்டில் இடுகிறேன், ஒற்று மிகாமல்தான். முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'ஃபிளேக்கி டெஸ்ட்' என்பதையும் அருகில் தருகிறேன்.

*

ஐயா,

அச்சுக்குப் போகுமுன் என் மறுப்பையும் பதிந்துவைக்க வேண்டுகிறேன். சேஜ்மேத்தில் சோதனை தவறினால், அந்த ஓட்டத்தில் பயன்பட்ட தற்போக்கு எண்ணின் விதையும், அதாவது தற்போக்கு எண்களை உருவாக்கத் தொடக்கமாகக் கொடுக்கும் எண்ணும், திரையில் வரும். தோல்வி தற்போக்கு எண்ணால் விளைந்ததென்றால், அதே விதையைக் கொடுத்து ஓட்டும்போது பெரும்பாலும் அதே இடத்தில் அதே தோல்வி மறுபடி வரும். கடந்த மாதம் இரண்டு நாள் தேடிய வழு ஒன்று, அந்த எண்ணைப் படியெடுத்து ஓட்டிய பத்தாம் நிமிடத்தில் அகப்பட்டது. அது சோதனையின் குறையன்று, சில உள்ளீடுகளுக்கு மட்டும் நிரல் உண்மையாகவே தப்பான விடையைத் தந்துகொண்டிருந்தது. அங்கே சோதனை தடுமாறவில்லை; தன் வேலையைச் சரியாகச் செய்தது. அதைத் 'தடுமாறு சோதனை' என்று எப்படி அழைப்பேன்? அந்த வகைக்கேனும் 'விதைசார் தோல்வி' என்று தனியே ஒரு பெயர் வையுங்கள்.

*

தங்கள் மடல் வருமுன்பே கையேட்டை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன், ஐயா. 'விதைசார் தோல்வி' என்பதை வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்காட்டுகிறேன். 'வித்து' என்பதா 'விதை' என்பதா என்று ஒருவர் இப்போதுதான் தனிமடலில் கேட்டிருக்கிறார். அதற்கு ஞாயிறன்று விடை எழுதுகிறேன்.