‘ட்ரெக்கிங்’ என்று போடலாமா, ‘வழிநடை’ என்று போட வேண்டுமா?

சிறுமலைச் சீனி
எங்கள் தெரு நடைக்குழு அடுத்த மாதம் திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலைக்குப் போகிறது. வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. பேனரில் ‘சிறுமலை ட்ரெக்கிங்’ என்று எழுதிக் கொடுத்தேன். குழுவில் உள்ள டீச்சர் ஒருவர் அதை அடித்துவிட்டு ‘வழிநடை’ என்று திருத்தினார். ‘மலையேற்றம்’ என்பதே சரி என்று இன்னொருவர் பிடிவாதம் பிடிக்கிறார். ட்ரெக் என்ற சொல் எங்கிருந்து வந்தது, அதற்கு உண்மையான பொருள் என்ன? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். நாளை மாலைக்குள் அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

நாகமலையான்
ட்ரெக்கை ஆங்கிலச் சொல் என்று நினைத்துத்தான் எல்லோரும் சண்டைக்கு வருகிறார்கள். அது ஆங்கிலத்துக்கே கடனாக வந்த சொல். டச்சு மொழியில் ‘ட்ரெக்கன்’ என்றால் இழுத்தல். தென்னாப்பிரிக்காவில் குடியேறிய டச்சு வழியினரான போயர்கள், வண்டி மாடு இழுப்பதையும், வண்டி கட்டிக்கொண்டு குடும்பத்தோடு இடம்பெயர்வதையும் ட்ரெக் என்றார்கள். 1830களின் நடுவில், கேப் காலனியில் பிரிட்டிஷ் ஆட்சி பிடிக்காமல் ஆயிரக்கணக்கானோர் மாட்டு வண்டிகளில் உள்நாட்டை நோக்கிக் கிளம்பினார்கள். வரலாற்றில் அதற்குப் ‘பெரும் ட்ரெக்’ என்றே பெயர். அதையொட்டி 1840களில் சொல் ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. ஆங்கிலேயர் வாங்கியதை நாம் வாங்கினால் மட்டும் குடி முழுகிவிடுமா? தமிழ்நாடு அரசே 2024 அக்டோபரில் 40 பாதைகளைத் திறந்துவிட்டபோது ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்றுதான் பெயர் வைத்தது. தயங்காமல் போடுங்கள்.

திருமங்கலம் டீச்சர்
அடித்துத் திருத்தியவள் நான்தான். சொல்லின் பிறப்பைத் தெளிவாகச் சொன்னதற்கு நன்றி. ஆனால் மாட்டு வண்டியில் உட்கார்ந்து போனவர்களின் சொல்லை, நடந்து போகிற நாம் ஏன் வாங்க வேண்டும் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் இல்லையே! தமிழில் வழிநடை என்ற சொல் கேட்பாரற்றுக் கிடக்கிறது. கோயிலுக்கு நடந்து போகிறவர்கள் களைப்புத் தெரியாமல் பாடிக்கொண்டு போக ‘வழிநடைச் சிந்து’ என்று ஓர் இலக்கிய வகையே நம்மிடம் உண்டு.

அதிலும் சிறுமலை. சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளும் புகாரிலிருந்து மதுரைக்கு நடந்தே வருகிறார்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. ‘மதுரை மூதூர் எங்கே இருக்கிறது?’ என்று கேட்கிறாள். ‘ஆறைங்காதம்தான், பக்கம்தான்’ என்று சொல்லிக் கோவலன் சிரிக்கிறான். காதம் என்பது அந்தக் காலத்துத் தூர அளவு. ஆறையும் ஐந்தையும் பெருக்கினால் முப்பது காதம்! உறையூர் தாண்டியதும் மாங்காட்டு மறையவன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பாளூர்ப் பக்கம் பாதை சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்கம் போனால் சிறுமலை தெரியும், அதை வலமாக வைத்துக்கொண்டு மதுரைக்குப் போகலாம். இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், அதாவது நம் அழகர்மலை. கடைசிக் கட்டத்தில் வெயில் தாங்காமல் நிலா வெளிச்சத்தில் நடக்கிறார்கள். வழி கேட்டு, வழி சொல்லி, வழியில் தங்கி வந்த கதை இது. சிறுமலைக்குப் போகும் பேனரில் டச்சுச் சொல் வேண்டுமா?

மேலமாசி வீதி
மலையேற்றம் என்று பிடிவாதம் பிடித்தவன் நான். மலையில் ஏறுவது மலையேற்றம். இதற்கு மேல் ஆராய்ச்சி எதற்கு? எதை வைத்தாலும் ‘யாத்திரை’ மட்டும் வேண்டாம், அது வடசொல். நடைப்பயணம் என்றாலும் சம்மதம்.

திருமங்கலம் டீச்சர்
‘பயணம்’ எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்? ‘பிரயாணம்’ தேய்ந்து வந்த சொல் அது. யாத்திரையை வாசலில் நிறுத்திவிட்டு அதன் பங்காளியைப் பந்தியில் உட்கார வைக்கிறீர்கள். இன்னொன்று, சிறுமலைப் பாதையில் பாதி நேரம் இறக்கம்தான். இறங்குவதையும் ஏற்றம் என்பீர்களா?

மேலமாசி வீதி
அப்படியானால் ‘செலவு’ என்று போடுங்கள். சங்கப் பாட்டில் தலைவன் பிரிந்து போவதற்குச் செலவு என்றுதான் பெயர். செல் என்பதிலிருந்து வந்த சுத்தத் தமிழ்.

நாகமலையான்
‘சிறுமலைச் செலவு’ என்று பேனர் வைத்தால் ஆளுக்கு எவ்வளவு என்றுதான் கேட்பார்கள்.

டீச்சர், கோவலன் பிழைப்புத் தேடி வந்தவன். கையில் இருந்தது கண்ணகியின் சிலம்புகள் மட்டும். ஊருக்குத் திரும்பவே இல்லை. நாங்கள் ஞாயிறு காலை போய்ச் சாயங்காலம் டீ குடிக்க வீட்டுக்கு வந்துவிடுவோம். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் கோவலனுக்குத்தான் மரியாதைக் குறைவு.

வத்திராயிருப்பு
நீங்கள் எல்லோரும் பெயரைத் தேடுகிறீர்கள். தாணிப்பாறை அடிவாரத்தில் அமாவாசையன்று ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். சதுரகிரிக்கு வருகிற யாரும் ‘வழிநடை’ என்றோ ‘மலையேற்றம்’ என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. ‘மலைக்குப் போகிறோம்’ என்பார்கள். தெரிந்தவர்கள் எதிரே வந்தால் ‘ஏறியாயிற்றா?’ என்று கேட்பார்கள். வழுக்குப்பாறையில் செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, பேரனின் தோளைப் பிடித்தபடி ஏறுகிற பாட்டிமார்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்கத்திலேயே அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சுமைக்காரர் ஒருவர், நின்றால் சுமை கூடிவிடும் என்பதுபோல் நிற்காமல் போவார். ஒரே பாதைதான். பாட்டிக்கு அது வேண்டுதல், அவருக்குக் கூலி, முதுகுப்பையோடு வருகிற பையனுக்கு ட்ரெக்கிங். பழனிக்கு நடப்பவர்களும் அப்படித்தான். காரைக்குடிப் பக்கத்திலிருந்து காவடியோடு குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் என்று நடப்பவர்களைக் கேட்டால் ‘பழனிக்கு நடக்கிறோம்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. போகிற இடத்தைச் சொல்லி ‘நடக்கிறோம்’ என்றால் போதும், கதை முடிந்தது.

சிவகங்கைப் பேத்தி
கதை முடியவில்லை, ஐயா. போகிற இடத்துக்குப் போய்ச் சேராதவர்களை என்ன சொல்வீர்கள்?

எங்கள் பக்கத்துச் சனங்கள் 19ஆம் நூற்றாண்டில், தோட்டத்துக்குக் கூலியாள் சேர்க்கும் கங்காணியின் பின்னால் இலங்கையின் கண்டிச்சீமைக்குப் போனார்கள். மதுரை, ராமநாதபுரம் சீமைகளிலிருந்து கடற்கரை வரை கால்நடை. தோணியில் மன்னார். அங்கிருந்து காட்டு வழியில் 100 மைலுக்கு மேல் நடந்து மாத்தளை, அதற்கப்புறம் காப்பித் தோட்டம். தண்ணீர் இல்லை, காலரா, காய்ச்சல். விழுந்தவர்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தார்கள். பாம்பன் பாலமும் தலைமன்னார்க் கப்பலும் 1914இல்தான் வந்தன. பிறகு 1942இல் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்தபோது லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவிலிருந்து மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். அதில் எங்கள் தாத்தாவும் ஒருவர். ஊரில் அவரைப் பற்றிப் பேசினால் ‘பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்’ என்பார்கள். அந்த ‘நடந்து’ என்ற இடத்தில் எல்லோருக்கும் குரல் கொஞ்சம் இறங்கும்.

ட்ரெக் என்ற சொல் உண்மையில் இப்படிப்பட்ட நடைக்கு உரியது. வேரோடு பெயர்ந்து போகிற துன்பம் அதில் இருக்கிறது. அதைத் தண்ணீர் பாட்டிலும் செல்ஃபியுமாகப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்குக் கொடுப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தமிழா டச்சா என்பது எனக்குப் பொருட்டே இல்லை.

நாகமலையான்
தாத்தாவுக்கு வணக்கம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அம்மா. அந்தப் பெரும் ட்ரெக்கை உங்கள் தாத்தாவின் நடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். போயர்கள் கிளம்பியதற்கு ஒரு காரணம், 1834இல் பிரிட்டிஷ் அரசு அடிமை முறையை ஒழித்தது. அவர்கள் போய்ச் சேர்ந்தது ஆளில்லாத பூமியும் இல்லை. ந்டெபெலே மக்களோடும் ஜூலு மக்களோடும் போரிட்டு நிலத்தைப் பிடித்தார்கள். 1838 டிசம்பர் 16இல் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான ஜூலு வீரர்கள் துப்பாக்கிக்குப் பலியானார்கள். கண்டிச்சீமைக்குப் போனவர்கள் யாருடைய நிலத்தைப் பிடித்தார்கள்? அடுத்தவர் தோட்டத்தில் கூலியாக நின்றார்கள்.

சொல்லும் அங்கேயே நின்றுவிடவில்லை. 1964இல் ஜிம்மி ராபர்ட்ஸ் என்ற முன்னாள் ராணுவ அதிகாரி நேபாளத்தில் கம்பெனி தொடங்கி, கூடாரம், சமையல்காரர், சுமைக்காரர் எல்லாம் ஏற்பாடு செய்து வெளிநாட்டுக்காரர்களை மலைக்குக் கூட்டிப் போனார். ட்ரெக்கிங் என்றால் காசு கொடுத்து நடப்பது என்ற பொருள் அதிலிருந்துதான் பரவியது. ஆகவே அந்தச் சொல்லை எங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கே விட்டுவிடுங்கள். உங்கள் தாத்தாவுக்கு ‘நடந்து வந்தவர்’ என்பது போதும். அதைவிடப் பெரிய சொல் டச்சிலும் கிடையாது.

சிவகங்கைப் பேத்தி
போயர் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் ட்ரெக்கிங் லேசான சொல் என்று மட்டும் சொல்லாதீர்கள். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணிக் காட்டுத்தீயில் சிக்கியவர்கள் போனதும் ட்ரெக்கிங்தான். 20 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்ஸ் சத்தத்தைக் கேட்டவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நாகமலையான்
மறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அரசு தனி விதிமுறையே கொண்டுவந்தது. சீனி, அனுமதிச் சீட்டின் நகலை எல்லோரும் கையில் வைத்திருக்கட்டும். இந்தக் கோடையில் தீ எச்சரிக்கை வந்தால் பேனர் பணம் போனால் போகட்டும், பயணத்தை ரத்து செய்துவிடுங்கள்.

சிறுமலைச் சீனி
சரி அண்ணே. வத்திராயிருப்பு அண்ணன் சொன்னதையே எடுத்துக்கொண்டேன். ‘சிறுமலைக்கு நடக்கிறோம்’ என்று கொடுத்துவிட்டேன்.

திருமங்கலம் டீச்சர்
வினைமுற்றோடு ஒரு பேனர்! வழிநடைக்கு இடம் கிடைக்கவில்லை என்றாலும் இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நாகமலையான்
கீழே சின்ன எழுத்திலாவது ட்ரெக்கிங் என்று போடுங்கள் தம்பி. இல்லாவிட்டால் பாதயாத்திரை என்று நினைத்துப் பாதிப் பேர் பச்சை வேட்டியோடு வந்து நிற்பார்கள்.

மேலமாசி வீதி
சின்ன எழுத்தில் மலையேற்றம் என்றும் போடலாமே.

சிறுமலைச் சீனி
பேனர் அச்சாகிவிட்டது ஐயா.