பாராசூட் படை அதிகாரியின் சீருடைகளும் பதக்கங்களும்: கடற்கரை வீட்டில் எப்படித் தொகுத்து வைப்பது?

தேவிபட்டினம் கரையோரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாராசூட் ரெஜிமென்டில் லெப்டினன்ட் கர்னலாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியப்பா சென்ற ஆண்டு காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லாததாலும், உடைமைகள் எல்லாம் எங்கள் வீட்டு மாடியறையிலேயே இருந்ததாலும், அவற்றை ஒழுங்குபடுத்தும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

டிரங்குப் பெட்டியில் இருந்தவை: ஆலிவ் பச்சைச் சட்டைகள் இரண்டு, கம்பளிக் கோட்டு ஒன்று, மெரூன் நிறத் தொப்பி, ஒரே சட்டத்தில் கோத்த மூன்று பதக்கங்கள், பாராசூட் இறக்கைச் சின்னம் பின்னிய துணித்துண்டு, குதிப்புப் பதிவேடு, விடைபெறும் நாளில் மெஸ்ஸில் சக அதிகாரிகள் கையொப்பம் பொறித்துக் கொடுத்த வெள்ளித் தட்டு, பசைத்தாள் ஆல்பம் ஒன்று, பழைய பாராசூட் துணியில் பெரியம்மா தைத்த தலையணை உறை. சட்டைப் பித்தளைப் பொத்தான்களில் பச்சைக் களிம்பு ஏறி, ஒவ்வொன்றைச் சுற்றியும் துணியில் வட்டக் கறை படிந்திருக்கிறது. தொப்பியின் உள்விளிம்புத் தோலில் அவர் மையால் எழுதிய எண் இன்னும் தெரிகிறது. உச்சியில் பூச்சி அரித்த ஓட்டைகள் இருக்கின்றன.

ஆல்பத்தில் உள்ள ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில் அவர் நான்கு பதக்கங்கள் அணிந்திருக்கிறார். முதலாவது ஐந்து முனை நட்சத்திரம். பெட்டியில் இல்லாதது அதுதான். இணையத்தில் அத்தகைய பதக்கங்கள் விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒன்றை வாங்கித் தொகுப்பை முழுமையாக்கலாமா? பதக்கங்களை மட்டும் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வதாக வெளியூர் வியாபாரி ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பங்காளிகளில் சிலருக்கு அதில் விருப்பம் உண்டு. என் தம்பி மகனோ குடியரசு தினத்துக்குக் கோட்டை அணிந்து பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்கிறான். வழிகாட்டுங்கள்.

துணிக்காப்பாளர் எழுதியது:

அருங்காட்சியகத் துணிப் பராமரிப்பில் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன். முதல் வேண்டுகோள்: பித்தளை மெருகுத் திரவத்தை அந்தப் பொத்தான்களின் அருகே கொண்டு போகாதீர்கள். அதிலுள்ள தேய்க்கும் பொடி, பொத்தானில் பதிந்த உருவத்தின் நுண்கோடுகளைத் தின்றுவிடும். கசியும் திரவம் துணியில் புதிய கறையை உண்டாக்கும். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டி, பொத்தானுக்கும் துணிக்கும் இடையே பாலியெஸ்டர் தாளை வட்டமாக வெட்டிச் செருகி வைத்தால் போதும். பதக்கங்களுக்கும் இதுவே பொருந்தும். அவற்றைத் தொடும்போது கையுறை அணியுங்கள், ஏனெனில் விரல் வியர்வையில் உள்ள உப்பே துருவுக்கு விதையாகிறது.

உங்கள் ஊரில் உப்பு விரலில் மட்டும் இல்லை, காற்றிலேயே இருக்கிறது. உப்புத்துகள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால், ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்பும் பித்தளையும் களிம்பேறுவது வேகமாகும். கடலைப் பார்த்த சுவரை ஒட்டிய பீரோ வேண்டாம்; வீட்டின் நடுவறையில், தரையிலிருந்து உயர்த்திய பலகையில் வையுங்கள். இரும்பு டிரங்குப் பெட்டி உள்ளே துருப்பிடித்திருந்தால் துணி அதில் படவே கூடாது. கஞ்சி போக நன்றாக அலசி உலர்த்திய காடாத்துணியில் சுற்றி, மூடி இறுக்கமான பாலிப்ரொப்பிலீன் பெட்டியில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் நிற்கிறதா என்று சொல்லும் சிறிய மானி இப்போது மலிவாகக் கிடைக்கிறது. பழைய சூட்கேஸ் உறை போன்ற பிவிசி பொருட்கள் நாளடைவில் அமிலம் கக்கும் என்பதால் அவற்றைத் தவிருங்கள்.

தொப்பியிலும் கம்பளிக் கோட்டிலும் பூச்சி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை. உலோகச் சின்னங்களைக் கழற்றிவிட்டு, பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி அடைத்து, மைனஸ் 18 பாகை காட்டும் உறைபெட்டியில் 2 வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் அழியும். வெளியே எடுத்ததும் உடனே பிரிக்காமல், அறை வெப்பத்துக்கு வரும்வரை பையிலேயே விட வேண்டும். பாச்சை உருண்டை சின்னங்களையும் பிளாஸ்டிக்கையும் கெடுக்கும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை. வசம்பு போடும் நம் வீட்டு வழக்கத்தில் குறையில்லை. ஆனால் அதைத் தனியாக ஒரு துணியில் முடிந்து போடுங்கள், நேரடியாகப் பட்டால் கறை படியும்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சின்னமும் எந்தப் பக்கம், எந்தத் தையலில் இருந்தது என்பதைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தைத்தவற்றைப் பிரிக்கவே வேண்டாம். கோட்டைப் பையனுக்கு அணிவிப்பதும் வேண்டாம். பழைய கம்பளி தோள்பட்டைத் தையலில்தான் முதலில் கிழியும்.

முன்னாள் சுபேதார், முதுகுளத்தூர், எழுதியது:

தம்பி, பெரியப்பாவுக்கு என் வணக்கம். பாராசூட் துணி தலையணை உறையான கதையை நான் கேட்கப்போவதில்லை. அக்காலத்து வீடுகள் பலவற்றில் அப்படி ஒன்று இருந்தது.

சட்டைகள் இரண்டும் ஒரே காலத்தவைதாமா என்று தோளைப் பாருங்கள். மூன்று நட்சத்திரம் இருந்தால் அவர் கேப்டனாக இருந்தபோது அணிந்தது. அசோகச் சிங்கம் மட்டும் இருந்தால் மேஜர். சிங்கமும் ஒரு நட்சத்திரமும் இருந்தால் லெப்டினன்ட் கர்னல். தொப்பித் தோலில் உள்ள எண் ஐசி என்று தொடங்கினால் நிரந்தரக் கமிஷன் (அதிகாரி நியமனம்) பெற்றவர், எஸ்எஸ் என்று தொடங்கினால் குறுகிய காலக் கமிஷனில் சேர்ந்தவர். பதக்கத்தின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணும் பதவியும் பெயரும் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நட்சத்திரப் பதக்கம் என்றால் உடனே ஒன்றை முடிவு செய்துவிடாதீர்கள். 1965 போருக்கான சமர் சேவா நட்சத்திரம், 1971இல் கிழக்கு முனைக்கான பூர்வி நட்சத்திரம், மேற்கு முனைக்கான பஸ்சிமி நட்சத்திரம் என அக்காலத்துக்கே மூன்று உண்டு. கறுப்பு வெள்ளைப் படத்தில் நாடாவின் நிறம் தெரியாததால், எது என்பதை ஆவணம்தான் சொல்ல வேண்டும். 1971 டிசம்பர் 11 அன்று 2ஆம் பாரா பட்டாலியன் லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு தலைமையில், இன்றைய வங்கதேசத்தில் உள்ள டாங்கைல் அருகே குதித்து, பூங்லி பாலத்தைக் கைப்பற்றியது. பெரியப்பா அந்தக் காலத்தவராகத் தெரிகிறார். குதிப்புப் பதிவேட்டில் அந்தத் தேதியைத் தேடுங்கள்.

இன்னொன்று. பலிதான் சின்னம் எதையும் ஆசைப்பட்டு வாங்கிச் சேர்த்துவிடாதீர்கள். 2019 உலகக் கோப்பையில் தோனியின் கையுறையில் அது தெரிந்த பிறகு கடைகளில் அதன் நகல்கள் எங்கும் தொங்குகின்றன. அது சிறப்புப் படைப் பிரிவினருக்கு மட்டும் உரியது; பாராசூட் படையினர் எல்லாருக்கும் உரியதன்று.

தேவிபட்டினம் கரையோரம் எழுதியது:

மிக்க நன்றி. ஒரு சட்டையில் மூன்று நட்சத்திரம், மற்றதில் சிங்கமும் நட்சத்திரமும் உள்ளன. பதிவேட்டில் 11-12-1971 என்ற தேதியும், விமானத்துக்கு நேராகப் பாக்கெட் என்ற பெயரும், குறிப்புக் கட்டத்தில் டாங்கைல் என்பதும் அவர் கையெழுத்திலேயே இருக்கின்றன. அப்படியென்றால் பூர்வி நட்சத்திரத்தை வாங்கிக் கோத்துவிடலாம் அல்லவா?

மதுரைச் சேகரிப்பாளர் எழுதியது:

வாங்காதீர்கள். நானும் பதக்கம் சேர்ப்பவன்தான். சந்தையில் கிடைப்பது வேறொருவர் பெயர் பொறித்த அசலாகவோ, பெயரே இல்லாத நகலாகவோ இருக்கும். அதை உங்கள் பெரியப்பாவின் சட்டத்தில் கோத்துவிட்டால், உண்மையான மூன்றின் மீதும் பிற்காலத்தில் ஐயம் விழும். வெறும் இடத்தை வெறுமையாகவே விட்டு, அருகில் அந்தப் படத்தின் பிரதியையும் பதிவேட்டின் அந்தப் பக்கத்தின் பிரதியையும் வையுங்கள். காட்சிக்குக் கட்டாயம் ஒன்று வேண்டும் என்றால், நகல் என்று பின்புறம் தெளிவாக எழுதித் தனியே வையுங்கள், சட்டத்தில் கோக்காமல்.

பதக்கங்களை மட்டும் கேட்கும் வியாபாரியின் கணக்கு எனக்குப் புரிகிறது: சட்டைகளை அஞ்சலில் அனுப்புவது சிரமம், பதக்கம் சட்டைப்பையில் அடங்கும். ஆனால் டாங்கைல் பக்கம் உள்ள பதிவேடும், எண் எழுதிய தொப்பியும், கையொப்பத் தட்டும், பெயர் பொறித்த பதக்கமும் ஒன்றையொன்று மெய்ப்பிப்பவை. பிரித்தால் பதக்கம் மூன்று உலோகத் துண்டு, சட்டை பழந்துணி. பங்காளிகள் உடன்படவில்லை என்றால், பொருட்களைப் பங்கிடாமல் ஒவ்வொரு வீட்டுக்கும் நல்ல ஒளிப்படத் தொகுப்பு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களுக்கு வேண்டியது அதுவே.

பட்டியல் ஒன்று எழுதுங்கள். பொருள், அளவு, எழுத்துகள், பழுது, யார் சொல்லித் தெரிந்த செய்தி என்பவற்றைப் பென்சிலால், பொருளுக்கு ஒரு தாளாக எழுதுவது நல்லது. பசைத்தாள் ஆல்பத்திலிருந்து படங்களைப் பிய்க்காமல், முதலில் பக்கம் பக்கமாக அப்படியே படம் எடுத்துவிடுங்கள்.

முன்னாள் சுபேதார், முதுகுளத்தூர், எழுதியது:

மதுரைக்காரர் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பதக்கம் தொலைந்ததற்கு முறையாக விண்ணப்பித்தால் என்ன செய்யலாம் என்பதை இராமநாதபுரத்தில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பெரியப்பாவின் எண்ணையும் ஓய்வு ஆணையின் நகலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பெட்டியில் குத்துவாள் ஏதும் இருந்தால் அலகை அளந்து பாருங்கள்: 9 அங்குல நீளத்தையோ 2 அங்குல அகலத்தையோ தாண்டினால் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரக்கூடும். தோட்டா எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள்.

பையனுக்குக் குடியரசு தினத்தன்று அந்தப் பதிவேட்டின் பிரதியைக் கொடுத்து வகுப்பில் வாசிக்கச் சொல்லுங்கள். மேடையேறிப் பேச ஆள் வேண்டும் என்றால் நான் வரத் தயார். முதுகுளத்தூரிலிருந்து பேருந்து உண்டு.