கற்பனைப் பட லீக்: விமர்சன மார்க்கை வைத்து ரேங்க் போட்டால் தாறுமாறாக வருகிறது, உதவி தேவை

நைட்ஷோ:
வணக்கம். நாங்கள் எட்டுப் பேர் ஆன்லைனில் ஒரு சினிமா விளையாட்டு நடத்துகிறோம். ஆளுக்கொரு ஸ்டூடியோ. சீசனுக்கு மூன்று படம் 'எடுக்க' வேண்டும். எடுப்பது என்றால் எழுதுவதுதான்: தலைப்பு, ஒரு பக்கத்துக்குள் கதை, இயக்குநர், நடிகர்கள், இசை, பட்ஜெட், எந்த வாரம் ரிலீஸ். மற்ற ஏழு பேரும் படித்துவிட்டு நாலு வரி விமர்சனம் எழுதி நூற்றுக்கு மார்க் போடுவார்கள். அதன் சராசரிதான் ரேங்க். அந்தச் சராசரியை பட்ஜெட்டோடு பெருக்கி வசூல் கணக்கும் உண்டு. எல்லாம் கூகுள் ஷீட்டில் ஓடுகிறது, ஷீட் என் பொறுப்பு.

இப்போது மூன்று சிக்கல். ஒரு படத்தின் சராசரி இருக்க வேண்டிய இடத்தில் 1918-ம் வருடத் தேதி ஒன்று வருகிறது. இரண்டே பேர் விமர்சனம் எழுதிய படம் 88 வாங்கி முதலிடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஏழு பேரும் எழுதிய படம் 81 வாங்கி அதற்குக் கீழே. மூன்றாவதுதான் பெரிய தலைவலி. குழுவில் ஒருவர் யாருக்கும் 50-ஐத் தாண்ட மாட்டார், அப்படிப்பட்ட கறார். இன்னொருவர் 80-க்குக் கீழே இறங்கவே மாட்டார். கடைசியில் பார்த்தால் அந்தக் கறார்காரரின் படங்கள்தான் சீசன் தவறாமல் மேலே வருகின்றன. 'வேண்டுமென்றே நம்மை அமுக்குகிறார்' என்று சண்டை ஆரம்பித்துவிட்டது. என்ன செய்யலாம்?

தரைடிக்கெட்:
முதல் சிக்கல் சுலபம். யாரோ அந்தக் கட்டத்தில் '7/10' என்று அடித்திருக்கிறார். பத்துக்கு ஏழு என்று அவர் நினைப்பு. ஷீட் அதை அக்டோபர் 7 என்று எடுத்துக்கொண்டது. ஷீட்டுக்குள் தேதி என்பது 1899 டிசம்பர் 30-லிருந்து எத்தனை நாள் என்ற எண். 2025 அக்டோபர் 7 என்றால் 45,937. அதையும் சுமார் 65 மார்க் வாங்கிய மற்ற ஆறு கட்டங்களையும் கூட்டி ஏழால் வகுத்தால் 6,600 சொச்சம் வரும். அதைத் தேதியாக்கினால் 1918 பிப்ரவரி. நடராஜ முதலியார் தென்னிந்தியாவின் முதல் மௌனப் படமான 'கீசகவதம்' எடுத்த காலத்துக்கே படத்தை அந்த ஆசாமி ரிலீஸ் தேதியோடு அனுப்பிவைத்துவிட்டார்!

கட்டத்தின் ஃபார்மேட்டை 'நம்பர்' என்று மாற்றினால் மட்டும் சரியாகாது, 45,937 என்றுதான் காட்டும். அழித்துவிட்டு 70 என்று திரும்ப அடிக்க வேண்டும். அப்புறம் மார்க் கட்டங்கள் முழுவதுக்கும் டேட்டா வேலிடேஷன் போட்டு, 0 முதல் 100 வரை உள்ள எண்ணைத் தவிர வேறு எதையும் ஏற்காதபடி செய்துவிடுங்கள். விமர்சனம் எழுதாதவர்கள் கட்டத்தைக் காலியாக விட வேண்டும் என்பதையும் சொல்லிவையுங்கள். காலிக் கட்டத்தைச் சராசரி கண்டுகொள்ளாது, 0 போட்டால் அதையும் ஒரு மார்க்காக எடுத்துக் கணக்கில் சேர்க்கும்.

இன்டர்வெல்பிளாக்:
மூன்றாவதுக்கு வருகிறேன். சதியெல்லாம் ஒன்றும் இல்லை, வெறும் கணக்கு. அவரவர் படத்துக்கு அவரவர் மார்க் போடுவதில்லை அல்லவா? அங்கேதான் இருக்கிறது விஷயம்.

எட்டுப் பேரின் படங்களும் ஒரே தரம் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் எல்லாவற்றுக்கும் 70 போடுகிறார்கள், கறார்காரர் 42, தாராளக்காரர் 88. அந்த ஆறு பேரில் ஒருவர் எடுத்த படத்துக்கு ஐந்து 70, ஒரு 42, ஒரு 88 விழும்; சராசரி 68.6. கறார்காரரின் படத்துக்கு அவருடைய 42 கிடையாது. ஆறு 70, ஒரு 88, சராசரி 72.6. தாராளக்காரரின் படத்துக்கு ஆறு 70, ஒரு 42, வெறும் 66. ஒரே தரப் படத்துக்கு ஆறரை மார்க் வித்தியாசம். ஊருக்கெல்லாம் வாரி வழங்கிய மனுஷன் கடைசியில் நிற்கிறார், பாவம்.

கறார்காரர் கெட்டவர் என்றும் நினைக்க வேண்டாம். அவர் ஆனந்த விகடன் மார்க் பார்த்து வளர்ந்தவராக இருக்கலாம். விகடனில் 1977-ல் 'பதினாறு வயதினிலே' வாங்கியதே 62.5, அதையே இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறோம். அங்கே 43 வாங்கினால் பார்க்கலாம் என்று பொருள். அந்த அளவுகோலில் பழகியவர் 50 போட்டால் அது பெரிய பாராட்டு. அவருடைய 50-ஐயும் இன்னொருவரின் 50-ஐயும் அப்படியே கூட்டுவது டாலரையும் ரூபாயையும் மாற்றாமல் ஒரே கல்லாவில் எண்ணுகிற வேலை.

ஆகவே கூட்டுவதற்கு முன் மாற்றுங்கள். ஒவ்வொரு விமர்சகருக்கும் அவர் போட்ட எல்லா மார்க்கின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் கண்டுபிடியுங்கள் (மார்க்குகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு; பத்தாம் வகுப்பில் படித்ததுதான், ஷீட்டில் 'எஸ்டிடெவ்' என்று ஃபார்முலா இருக்கிறது). பிறகு ஒவ்வொரு மார்க்கிலிருந்தும் அவருடைய சராசரியைக் கழித்து, திட்டவிலக்கத்தால் வகுங்கள். கறார்காரரின் சராசரி 42, விலக்கம் 5 என்றால் அவர் போட்ட 50 என்பது 1.6. தாராளக்காரரின் சராசரி 88, விலக்கம் 4 என்றால் அவர் போட்ட 90 வெறும் 0.5. யார் அதிகம் பாராட்டினார் என்று இப்போது தெரியும். கடைசியில் இந்த எண்களுக்குச் சராசரி எடுத்து ரேங்க் போடுங்கள்.

நைட்ஷோ:
அருமை. அந்த '7/10' ஆசாமியையும் கண்டுபிடித்துவிட்டோம். 😄 இன்டர்வெல்பிளாக் சொன்னபடி செய்து பார்த்தேன். இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒருவரின் வரிசை முழுக்க பூஜ்யத்தால் வகுக்கிறாய் என்று பிழை காட்டுகிறது. இன்னொன்று, பாதிப் படங்களின் எண் மைனஸில் வருவதால் வசூலும் மைனஸ். ஒரு தயாரிப்பாளர் 'தியேட்டரில் டிக்கெட் வாங்கியவனுக்கு நான் பணம் கொடுத்தேனா?' என்று கேட்கிறார்.

இன்டர்வெல்பிளாக்:
பிழை காட்டும் நண்பர் எல்லாப் படத்துக்கும் ஒரே மார்க் போட்டிருப்பார், பாருங்கள். விலக்கம் பூஜ்யம், அதனால்தான் வகுக்க முடியவில்லை. எல்லாவற்றுக்கும் 70 என்றால் எது மேல் எது கீழ் என்று அவர் எதுவுமே சொல்லவில்லை என்று அர்த்தம். பிழை வந்தால் நாம் சொன்னதைக் காட்டும் 'இஃப்எரர்' ஃபார்முலா போட்டு அவருடைய வரிசைக்கு 0 கொடுத்துவிடுங்கள். ஒரே ஒரு படத்துக்கு மட்டும் விமர்சனம் எழுதியவருக்கும் இதே பிழை வரும், அதே மருந்து.

மைனஸுக்கு: கிடைத்த எண்ணை 10-ஆல் பெருக்கி 65-ஐக் கூட்டுங்கள். 1.6 வாங்கியது 81 ஆகும், மைனஸ் 1 வாங்கியது 55 ஆகும். பார்க்க மார்க் மாதிரியே இருக்கும், ரேங்க் மாறாது, வசூலும் பிழைத்துக்கொள்ளும்.

ஆப்பரேட்டர்ரூம்:
இரண்டாவது சிக்கலை விட்டுவிட்டீர்களே. ரெண்டு பேர் மட்டும் பார்த்த படம் முதலிடம் வருவதைத் தடுக்க ரசிகர்கள் ஓட்டுப் போடும் சினிமாத் தளமான ஐஎம்டிபி தன் டாப் 250 பட்டியலுக்கு ஒரு வழி வைத்தது. எல்லாப் படத்துக்கும் பொதுச் சராசரி மார்க்கில் 25,000 கற்பனை ஓட்டு முதலிலேயே போட்டுவிட்ட மாதிரி கணக்கு. உண்மை ஓட்டு நிறைய விழுந்தால் அந்தக் கற்பனை ஓட்டின் பாரம் கரைந்துவிடும்; கொஞ்சமாக விழுந்தால் படம் நடுவிலேயே நிற்கும்.

உங்கள் எட்டுப் பேருக்கு 25,000 எதற்கு, மூன்று போதும். பொதுச் சராசரி 65. இரண்டு பேரிடம் 88 வாங்கிய படம்: இரண்டு 88, மூன்று 65, ஐந்தால் வகுத்தால் 74.2. ஏழு பேரிடம் 81 வாங்கிய படம்: ஏழு 81, மூன்று 65, பத்தால் வகுத்தால் 76.2. வரிசை சரியாகிவிட்டது. இன்டர்வெல்பிளாக் சொன்ன மாற்றத்தை முதலில் செய்துவிட்டுத்தான் இதைப் போட வேண்டும், மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

முறுக்குக்கடை:
எதற்கு இத்தனை கணக்கு தலைவரே? டைவிங் போட்டியில் ஏழு நடுவர் இருந்தால் மேலே இரண்டு, கீழே இரண்டு மார்க்கைத் தூக்கிவிட்டு நடு மூன்றைத்தான் எடுக்கிறார்கள். நீங்களும் மேலே ஒன்று கீழே ஒன்று தூக்கிவிட்டால் அந்த 42, 88 இரண்டும் போயிற்று. மேலே போட்ட கணக்கில் எல்லாருக்கும் 70 என்றே வருகிறது, பாருங்கள்.

இல்லையென்றால் மார்க்கையே ஒழித்துவிட்டு, ஆளுக்கொரு வரிசைப் பட்டியல் கேளுங்கள்.

இன்டர்வெல்பிளாக்:
தூக்குவது சுலபம்தான். ஆனால் கறார்காரர் ஒவ்வொரு படத்தையும் உட்கார்ந்து படித்து எழுதுகிற விமர்சனம் எந்தப் படத்திலும் எண்ணப்படாது. இரண்டு சீசனில் எழுதுவதையே நிறுத்திவிடுவார். குழுவில் கவனமாகப் படிக்கிறவர் அவராகவே கூட இருக்கலாம். மார்க்கை மாற்றிய பிறகு மேல் கீழ் ஒன்றைத் தூக்கினால் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்போது நிஜமாகவே ஒரு படத்தைப் பழிவாங்கியவர் மட்டும்தான் மாட்டுவார்.

வரிசைப் பட்டியலில் வேறு வம்பு இருக்கிறது. முதலிடத்துக்கு இத்தனை புள்ளி, அடுத்ததுக்கு ஒன்று குறைவு என்று கொடுக்கும் முறைக்கு பதினெட்டாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர் போர்டாவின் பெயர். அதில் போட்டிப் படத்தைக் கடைசியில் தள்ளிவிட்டால் போதும், நம் படம் மேலே வந்துவிடும். இது நேர்மையானவர்களுக்கான முறை என்று போர்டாவே சொன்னதாகச் சொல்வார்கள். ஆஸ்கரில் சிறந்த படத்துக்கு 2009-ம் ஆண்டுப் படங்களிலிருந்து வரிசைப்படுத்திய ஓட்டுதான், ஆனால் அங்கே கடைசி இடத்தில் இருப்பதைக் கழித்து அந்த ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுகிறார்கள். அதுவும் ஆயிரக்கணக்கானவர்கள் ஓட்டுப் போடும் இடம். எட்டுப் பேர், அதுவும் எல்லாரும் தயாரிப்பாளர்கள், இங்கே செல்லாது.

ஆப்பரேட்டர்ரூம்:
சேர்த்து ஒன்று: ராட்டன் டொமேட்டோஸ் விமர்சனத் தளம் மாதிரி நல்லது கெட்டது மட்டும் கேட்கலாமா என்று அடுத்து யாராவது வருவார்கள். ஏழு பேர் என்றால் மொத்தம் எட்டு விதமான விடைதான் வரும். 24 படம் அதற்குள் நெருக்கியடித்து நிற்கும், பாதிக்கு மேல் சமநிலை.

தரைடிக்கெட்:
ஃபார்முலா எல்லாம் சரி, நைட்ஷோ. விமர்சனம் எப்படி எழுதுகிறார்கள் என்று ஒரு மாதிரி போடுங்களேன்.

நைட்ஷோ:
'எடைமேடை' என்று ஒரு படம். தூத்துக்குடி உப்பளப் பக்கம் லாரி எடைமேடையில் கணக்கு எழுதும் பெண். ராத்திரி வரும் ஒரு லாரியின் எடை தினமும் 200 கிலோ இடிக்கிறது. பட்ஜெட் 38 கோடி. விமர்சனம் ஒன்று: 'முதல் பாதி விறுவிறு, இரண்டாம் பாதியில் லேசான தொய்வு. பி.ஜி.எம். மிரட்டல். ஒருமுறை பார்க்கலாம். 72.'

தரைடிக்கெட்:
அரைப் பக்கக் கதையில் இரண்டாம் பாதி எங்கே தொய்ந்தது? யார் காதில் அந்த பி.ஜி.எம். விழுந்தது? இசையமைப்பாளர் பெயரைப் பார்த்துவிட்டு அவர் மனதுக்குள் ஓட்டிய படத்துக்கு 72 போட்டிருக்கிறார். 'எடைமேடை'க்குப் போடவில்லை.

இல்லாத படத்தை விமர்சிக்கும்போது தாளில் இருப்பதைத்தான் பிடிக்க முடியும். இந்தக் கதை முழுக்க ஒரு தகர ஷெட், ஒரு ரோடு, ராத்திரி லாரி. 38 கோடி எதற்கு? எடையில் 200 கிலோ இடிப்பதை முதலில் அவள் தன் கணக்குத் தவறு என்று நினைப்பாளா, உடனே சந்தேகப்படுவாளா? அதைச் சொல்லாததால் கதை எங்கே திரும்புகிறது என்று தெரியவில்லை. இப்படி எழுதினால் எடுத்தவர் அடுத்த படத்தில் திருத்திக்கொள்வார். நான் நடத்தினால் கதையை மட்டும் முதலில் கொடுத்து மார்க் வாங்கிவிடுவேன், நடிகர் பட்டியலை மறுநாள்தான் திறப்பேன். நட்சத்திரப் பெயருக்காக விழும் மார்க் அங்கேயே நின்றுவிடும்.

நைட்ஷோ:
கதைக்குத் தனி மார்க், நடிகர் தேர்வுக்கும் பட்ஜெட்டுக்கும் தனி மார்க் என்று பிரித்துக்கொள்கிறோம். மாற்றிய ஷீட்டில் கறார்காரரின் ஒரு படம் மேலேயே நிற்கிறது, மற்ற இரண்டும் நடுவுக்கு இறங்கிவிட்டன. தாராளக்காரரின் படம் ஒன்று முதல் ஐந்துக்குள். இதை இந்த சீசனுக்கே அமலாக்கலாமா?

ஆப்பரேட்டர்ரூம்:
வேண்டவே வேண்டாம். மார்க் விழுந்த பிறகு கணக்கை மாற்றினால் இறங்கிய படக்காரர் எல்லாரும் உங்கள் மேல்தான் பாய்வார்கள். இந்த சீசனில் அந்த அக்டோபர் 7-ஐ மட்டும் திருத்திப் பழைய முறையிலேயே முடித்துவிடுங்கள். புதுக் கணக்கை அடுத்த சீசன் முதல் படம் பதிவாவதற்கு முன் எழுதிப் போட்டு, எட்டுப் பேரிடமும் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

நைட்ஷோ:
சரி, அப்படியே செய்கிறேன். 'எடைமேடை' தயாரிப்பாளர் இந்த இழையைப் படித்துவிட்டு பட்ஜெட்டை 6 கோடியாகக் குறைத்து மறு ரிலீஸ் கேட்கிறார். விதியில் அதற்கு இடம் இல்லை.