செப்டெம்பரில் வட நோர்வே: படம் எடுக்கவும் மலை ஏறவும் வன்னியில் இருந்து எப்படித் தயாராவது?

குளக்கட்டு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சி. கலியாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுப்பதுதான் தொழில். வேலை இல்லாத நாட்களில் விடியப்புறமே இரணைமடுக் குளக்கட்டுக்கோ நந்திக்கடல் கரைக்கோ கமராவோடு போய்விடுவேன். அக்கா குடும்பம் வட நோர்வேயின் திரொம்சோ நகரில் இருக்கிறது. செப்டெம்பர் நடுவில் போய் மூன்று கிழமை நிற்கப் போகிறேன், விசாவும் வந்துவிட்டது. இலை நிறம் மாறுவதும், இரவு வானத்தில் பச்சையாக ஆடும் துருவ ஒளி தெரிவதும் ஒன்றாகச் சேரும் காலம் அது என்று அக்கா சொல்கிறார். பத்து வருடமாக மனதில் வைத்திருந்த பயணம் இது, தெரியாத்தனத்தால் வீணாகக் கூடாது.

அந்த ஊர் வெளிச்சத்துக்கு என் கண்ணை எப்படிப் பழக்குவது? கையில் 24-70, தூரத்தைக் கிட்ட இழுக்கும் நீண்ட 70-200 என்று இரண்டு லென்ஸும் ஒரு ட்ரைபொட்டும் இருக்கின்றன. எல்லாவற்றையும் காவிக்கொண்டு மலை ஏறலாமா? நான் இதுவரை ஏறிய மிக உயரமான இடம் குளக்கட்டுதான்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். மீள்குடியேறிய நாளில் இருந்து பாதையை விட்டுக் கால் வைக்காமல் வளர்ந்தவன் நான். மண்டையோடு போட்ட சிவப்பு மிதிவெடிப் பலகையைப் பார்த்துப் பார்த்து வந்த பழக்கம். அங்கே பாதை இல்லாத இடத்திலும் நடக்கலாம் என்று அக்கா சொல்கிறார். உண்மையா?

வவுனிக்குளத்தான் எழுதியது:

தம்பி, நான் 1989இல் நோர்வேயின் வடகோடியில் உள்ள பின்மார்க்கில் மீன் ஆலை வேலைக்கு வந்தவன். எங்கள் ஆட்கள் நிறையப் பேர் அந்தக் காலத்தில் அப்படித்தான் வட நோர்வேக்கு வந்து சேர்ந்தார்கள். இப்போது திரொம்சோவில் இருக்கிறேன். கமரா பிடித்து இருபது வருடம் ஆகிறது.

முதலில் வெளிச்சத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதிகம் இழந்தது அதில்தான். கிளிநொச்சி வட அகலாங்கு 9 பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் ஏறக்குறைய நேராகக் கீழே விழும். மஞ்சள் வெயில் வந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அதற்குள் ஓடி ஓடி எடுத்துப் பழகிய கை நம்முடையது. திரொம்சோ 69 பாகைக்கும் மேலே. செப்டெம்பர் 22 அளவில் நடு மத்தியானத்திலேயே சூரியன் ஊரில் காலை ஏழேகால், ஏழரை மணியளவில் நிற்கும் உயரத்துக்குத்தான் வரும். பிறகு சரிந்து சரிந்து இறங்கும். அந்த மஞ்சள் வெயில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நிற்கும், சூரியன் மறைந்த பின்னும் இன்னொரு மணித்தியாலம் வானம் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். கமரா பிடித்த முதல் வருடங்களில் சூரியன் மறைந்ததும் ட்ரைபொட்டை மடக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன். யன்னலால் பார்த்தால் மலை முழுக்க ஊதாவாக நிற்கும். நீர் அவசரப்படாதேயும். ஓர் இடத்தைத் தெரிந்தெடுத்து அங்கேயே இரும்.

தூர மலையை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கவும் வேண்டாம். குந்தி இருந்து நிலத்தைப் பாரும். முழங்கால் உயரம்கூட வராத ஒரு பேர்ச் செடி இருக்கிறது. இலை சுண்டுவிரல் நகத்தளவு, வட்டம், ஓரம் அரிவாள் பல்லுப் போல. செப்டெம்பரில் அது குங்குமச் சிவப்பாகும். காலையில் ஒவ்வொரு பல்லிலும் ஒரு துளி நீர் நிற்கும். லென்ஸின் முன்னால் மாட்டும் பொலரைசர் ஒன்று கட்டாயம் கொண்டு வாரும், நனைந்த இலையின் மினுக்கத்தை எடுத்துவிட்டால்தான் உண்மை நிறம் தெரியும்.

துருவ ஒளிக்கு எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600 இல் இருந்து 3200, 5 முதல் 15 செக்கன். ஒளி வேகமாக ஆடினால் செக்கனைக் குறையும், இல்லாவிட்டால் பச்சையாக ஒரு பூச்சு மட்டும்தான் மிஞ்சும். போகஸைக் கையால் ஒரு நட்சத்திரத்தில் வையும். செப்டெம்பரில் குளங்கள் இன்னும் உறையாது, ஒளி தண்ணீரிலும் விழும். குளத்தைப் படம் எடுத்துப் பழகிய உமக்கு அதைவிட என்ன வேண்டும்? பகலிலேயே போய் இடம் பார்த்து வையும்.

அப்புறம், ஏசி போட்ட குளிர் மண்டபத்துக்குள் இருந்து வெயிலுக்கு வந்தால் லென்ஸ் வியர்ப்பது உமக்குத் தெரியும்தானே. இங்கே அது மறுபக்கம்: வெளியில் இருந்து வீட்டுக்குள் போகும்போது வியர்க்கும். பையை இறுக்கிப் பூட்டி, ஒரு மணித்தியாலம் கழித்துத் திறவும். 70-200 ஐ ஊரில் விட்டுவிட்டு வாரும், மலைக்கு அது சுமை.

காந்தள் எழுதியது:

அண்ணா, நான் முல்லைத்தீவு. இரண்டு வருடத்துக்கு முன் தம்பி குடும்பத்தோடு வட நோர்வேயின் லொஃபோட்டன் தீவுகளுக்குப் போனேன், அதுவும் செப்டெம்பர்தான். 70-200 பற்றி வவுனிக்குளத்து அண்ணை சொன்னதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மழை விட்ட பிறகு மலைகள் ஒன்றின் பின் ஒன்றாக நீலம் குறைந்து குறைந்து தெரியும். நான் எடுத்ததில் மனதுக்குப் பிடித்த படங்கள் எல்லாம் நீண்ட லென்ஸில் எடுத்தவை. மலைக்கு வேண்டாம், காரில் கிடக்கட்டும்.

ரைனெபிரிங்கன் மலை 448 மீற்றர்தான். நேபாளத்து செர்ப்பாக்கள் கட்டிய கல்படி, கிட்டத்தட்ட 2000 படி. ஏறியது கஷ்டமில்லை, மூச்சு வாங்கினால் நின்று நின்று போகலாம். இறங்கும்போதுதான் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. அடுத்த இரண்டு நாள் நான் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை, அந்த இரண்டு நாளும் நல்ல வெயில் எறித்தது. இப்போதும் அதை நினைத்தால் கவலைதான். இன்றைக்கே குளக்கட்டுச் சரிவில் பையோடு ஏறி இறங்கத் தொடங்குங்கள், முக்கியமாக இறங்குங்கள்.

உள்ளே கம்பளி உடுப்பு, வெளியே மழைக்கு ஒன்று. பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. ரூட்டன் மலையில் பாதி வழியில் பனிப்புகார் மூடித் திரும்பிவிட்டோம். எனக்கு மனமே இல்லை. நோர்வேக்காரரின் மலை விதிகளிலேயே திரும்பி வருவது வெட்கமில்லை என்று ஒரு விதி இருக்கிறது என்று தம்பி சொன்னான்.

பாதை விஷயம்: அக்கா சொன்னது உண்மை. 1957ஆம் ஆண்டுச் சட்டம் அது, காடும் மலையும் யாருடையதாக இருந்தாலும் எல்லோரும் நடக்கலாம். வீடுகளில் இருந்து 150 மீற்றர் தள்ளிக் கூடாரமும் போடலாம். ஆனால் முதல் நாள் தம்பியின் மகள் பாதையை விட்டு இறங்கிப் புளூபெரி பறிக்க ஓடியபோது நான் வைத்த சத்தத்தில் பிள்ளை அழுதுவிட்டாள். தம்பி ஒன்றும் சொல்லவில்லை, அவனுக்கு விளங்கும். நான் இறங்க நாலு நாள் எடுத்தது. காலுக்குக் கீழே பஞ்சு போலப் பாசி. கொஞ்ச நேரம் அதில் சும்மா நின்றேன். சேற்று நிலத்தையும் செங்குத்தான இடத்தையும் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செங்குத்தில் ஆட்கள் கண்டபடி நடந்து மண் அரிபட்டுத்தான் அந்தப் படிகளையே கட்டினார்கள்.

குளக்கட்டு எழுதியது:

அண்ணை, தங்கச்சி, இருவருக்கும் நன்றி. தங்கச்சி எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ‘நீயும் இறங்கி நில்’ என்றார்.

நேற்றுப் பின்னேரம் ஐந்து கிலோ அரிசியைக் கமராப் பைக்குள் வைத்துக் குளக்கட்டில் பதினைந்து தரம் ஏறி இறங்கினேன். 70-200 வருகிறது, காரில் இருக்கும். ட்ரைபொட்டையும் பட்டரிகளையும் விமானத்தில் எதில் வைப்பது?

வவுனிக்குளத்தான் எழுதியது:

ட்ரைபொட் பெட்டிக்குள் போகட்டும், உடுப்பைச் சுற்றி வையும். பட்டரி எல்லாம் கைப்பையில்தான், பெட்டியில் போட விடமாட்டார்கள். பட்டரி முனைகளுக்கு ஒட்டுநாடா ஒட்டும். வந்து இறங்கியதும் இங்கே எழுதும், வானம் வெளித்தால் முதல் இரவே கூட்டிக்கொண்டு போகிறேன்.