ஆச்சி வளவு (குடும்பக் குழு)

வதனி: திருகோணமலை உப்புவெளியில் நம் வீட்டில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் இப்போதுதான் செய்தி அனுப்பினார்கள். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து நோட்டீஸ் கொடுத்திருக்கிறார். மலக்குழி கசிகிறதாம். 14 நாளில் திருத்த வேண்டும்.

மாமி: ஐயோ

குலம் மாமா: முறைப்பாட்டுப் பெட்டிசம் போட்டது யார்?

மாமி: வேறு யார், பக்கத்து வீட்டுக்காரிதான். மாமரக் கொப்பு வெட்டினதிலிருந்து முகம் தருவதில்லை.

வதனி: அவர்களின் கிணற்றுத் தண்ணீர் நாறுகிறது மாமி. போய்ப் பார்த்தேன். குழியின் சிலாப் நடுவால் வெடித்துக் கிடக்கிறது, மேலே தகரமும் இரண்டு கல்லும். அங்கிருந்து அவர்களின் கிணற்றுக்கட்டு பத்துப் பதினைந்து காலடி தூரம்தான்.

பெரியப்பா: பிள்ளைகள் பதற வேண்டாம். இதில் இரண்டு கந்தோர். பி.எச்.ஐ. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆள். அவர் பார்ப்பது குழி, நுளம்பு, தண்ணீர். கட்டடம் பிரதேச சபையின் வேலை, ரி.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) வந்து அளப்பார். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. பிளான் பாஸ் பண்ணாமல் கட்டக்கூடாது, சி.ஓ.சி. (இணக்கச் சான்றிதழ்) எடுக்காமல் குடியிருக்கக்கூடாது. 1978இல் நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டமும் வந்தது. அனுமதியில்லாக் கட்டடம் என்றால் முதலில் நோட்டீஸ், கேட்காவிட்டால் நீதவான் நீதிமன்றம். சபை நினைத்தவுடன் இடிக்க முடியாது. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி வேண்டும் என்பார்கள். நம்முடையது மணல் தரை, மாரியில் நீர் மேலே வந்துவிடும், அதுவே காணாது.

குலம் மாமா: பின்பத்திக்கு, அதுதான் வீட்டோடு சேர்த்துப் பின்னால் இறக்கின கட்டடத்துக்கு, பிளான் பாஸ் பண்ணினதா அத்தான்?

பெரியப்பா: அது சண்டைக் காலத்தில் அவசரத்துக்குப் போட்டது.

மாமி: வாடகை மட்டும் அவசரமில்லாமல் மாதாமாதம் வந்தது.

பெரியப்பா: அம்மாவின் கண் ஒப்பரேசன் எந்தக் காசில் நடந்தது என்று கேள்.

ரவி லண்டன்: இங்கே வாடகைக்காரர் கவுன்சிலுக்கு அறிவித்தால் போதும். 2004 வீடமைப்புச் சட்டத்துக்குக் கீழே ஈரம், பூஞ்சணம், கழிவுநீர் என்று 29 வகை ஆபத்துக்குப் புள்ளி போடும் முறை வந்தது. கடுமையானது என்றால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். 2016 வீடமைப்பு, திட்டமிடல் சட்டம் வழக்கில்லாமலே 30,000 பவுண்ட் வரை தண்டம் போட வழி செய்தது.

குலம் மாமா: போன மாதம் உன் அறைப் பூஞ்சணத்துக்கு அழுதாயே, அறிவித்தாயா?

ரவி லண்டன்: வீட்டுக்காரர் நம் ஊர் ஆள் மாமா

மாமி: 😂

மாமி: வதனி, நிலாவெளிப் பக்கம் போனால் பாரை மீன் வாங்கு. அண்ணருக்கு முள்ளில்லாத துண்டு.

வதனி: சரி. குழிக்கு என்ன செய்வது? பவுசர் லொறி பிடித்துக் குழியை உறிஞ்சி எடுத்தால் ஒரு மாதம் தாங்கும். புதுக்குழி முன்வளவில்தான் வெட்டலாம், அங்கேதான் தூரம் இருக்கிறது.

ரவி லண்டன்: முன்வளவு என் பங்கு அக்கா 🙄

குலம் மாமா: வந்து இருக்கப் போகிறாயா?

ரவி லண்டன்: விற்கும்போது?

பெரியப்பா: புதுக்குழிக்கு விண்ணப்பம் போட்டால் ரி.ஓ. வளவுக்குள் வருவார். வந்தால் பின்பத்தியும் கண்ணில் படும்.

மாமி: அப்போ அதுதான் பயம்

பெரியப்பா: பயமில்லை. பத்திக்கும் சேர்த்துப் பிளான் கொடுக்கலாம். எல்லைக்கு இடம் விட்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும். திங்கள் கந்தோருக்குப் போய்க் கதைக்கிறேன்.

குலம் மாமா: தனியே போய் 1915 பற்றிப் பேச வேண்டாம். நானும் வருகிறேன்.

வதனி: பெரியப்பா, அந்தப் பக்கத்து வீட்டுக்குக் குடிக்கத் தண்ணீராவது நாம் கொடுக்க வேண்டாமா?

மாமி: மாமரக்காரிக்கா?

வதனி: சின்னப் பிள்ளை இருக்கிறது மாமி. சிலாப் மாற்ற மேசன் நாளைக் காலை வருகிறார், பவுசருக்கும் சொல்லிவிட்டேன். காசு யார் போடுவது?

ரவி லண்டன்: பெரியப்பா பார்த்துச் சொல்லட்டும்

பெரியப்பா: இரவு கதைப்போம்.